கொல்லிமலைக்கு ஒன்பது கிலோ சைக்கிள்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டினாலே வெளிநாடு. வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் அது இன்னும் தூரத்து வெளிநாடு. அங்கே காபி எப்படி இருக்குமோ, பாத்ரூம் எப்படி இருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே போவோம். கவலைப்பட்ட மாதிரியே இருந்தது என்று திருப்தியாகத் திரும்பி வருவோம். தீவில் பிறந்தவர்களின் குணம். அப்படிப்பட்ட நான் ஐம்பத்து மூன்று வயதில், ஐந்து நாள், சைக்கிளில் வெளிநாடு போய் வந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு போனேன்.

ஆரம்பித்து வைத்தவர் மன்னார்புரத்தில் இருக்கும் முட்டி டாக்டர். என்னை மெஷினில் ஏற்றி, தொண்ணூற்றொன்று என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டார்.

"ஒரு பத்து கிலோ குறைங்க சார். முட்டி உங்களைக் கும்பிடும்."

தொண்ணூற்றொன்று என்ற எண்ணை வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. வசந்தா கேட்டபோது "எண்பத்திரண்டு" என்றேன். எண்பத்திரண்டு கொஞ்சம் மானமுள்ள எண். அவள் நம்பவில்லை. அன்று மாலையே வீட்டு எடை மெஷினின் அடியில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைத் திருகி, நான் ஏறினால் எண்பத்திரண்டு காட்டும்படி செய்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் நம்பினாள். அவளும் அதே மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள். ஒரு பொய்யில் இரண்டு பேருக்கு நன்மை.

பிறகு பத்து கிலோவைக் குறைக்கும் வேலையில் இறங்கினேன். மூன்று வாரம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். இரண்டு கிலோ போயிற்று. கூடவே தெம்பும் போயிற்று. ஜங்ஷன் மேம்பாலத்தில் பழைய சைக்கிளை மிதித்து ஏறினால், முன்பு மூச்சு மட்டும்தான் வாங்கும், இப்போது தொடையும் கைவிட்டது. பட்டினி கிடந்தால் தொப்பைதான் முதலில் போகும் என்று நினைத்திருந்தேன். போனது தொடை. தொப்பை வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான்காம் வாரம் அந்த இரண்டு கிலோவும் மசால் தோசை வழியாகத் திரும்பி வந்தன.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் பழைய சைக்கிள் பதினெட்டு கிலோ. வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒரு கம்ப்யூட்டர் பையன், கார்பனில் செய்த ஒன்பது கிலோ சைக்கிளை விற்றுவிட்டுப் போனான். வாங்கினேன். கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தி, ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன்.

"பாத்தியா? ஒன்பது கிலோ குறைச்சாச்சு. டாக்டர் சொன்னதுல இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

வசந்தா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "டாக்டர் உங்களைக் குறைக்கச் சொன்னாரு. சைக்கிளை இல்ல."

"மேட்டுல ஏறும்போது நானும் சைக்கிளும் ஒண்ணுதானே? எதுல குறைஞ்சா என்ன? மேட்டுக்குத் தெரியுமா?"

"அப்படியா? மலை ஏறிக் காட்டுங்க."

"ஏறுவேன். கொல்லிமலையே ஏறுவேன். எழுபது வளைவும்."

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருப்பதே ஆச்சரியம்தான்.

ஒரு மணி நேரத்தில் நிபந்தனைகள் முடிவாகிவிட்டன. எழுபது வளைவு முடியும்வரை கால் தரையில் படக்கூடாது. களைத்தால் கைப்பிடிச் சுவரையோ மைல்கல்லையோ பிடித்துக்கொண்டு சீட்டிலேயே உட்காரலாம். (இந்தச் சலுகைக்காக நான் அரை மணி வாதாடினேன்.) ஏறிவிட்டால் என் எடையைப் பற்றி அவள் ஆயுளுக்கும் பேசக்கூடாது, ஞாயிற்றுக்கிழமைதோறும் நெய் வழியும் வெண்பொங்கல், வடை. கால் ஊன்றினால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். தினம் காலை கொள்ளுக் கஞ்சி, அவளோடு உத்தர வீதியைச் சுற்றி நடை.

சாட்சி வேண்டும் என்றாள். சாட்சியையும் அவளே தேர்ந்தெடுத்தாள்: பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் பாய். "அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றாள். உண்மைதான். இருபது வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அறுபத்தொரு வயது, ஐந்து வேளை தொழுகை, எடை ஐம்பத்தெட்டு கிலோ. "இந்த டயர் தேறுமா பாய்?" என்று கேட்டால், அவருக்கு வியாபாரம் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, "தேறும் சார், ஆறு மாசம் ஓட்டுங்க" என்பார். சாட்சிக்கு இதைவிட மோசமான ஆள் எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுக்க எடை குறைப்பு நடந்தது, சைக்கிளுக்கு. மணியைக் கழற்றினேன். ஸ்டாண்டு கிடையாது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தேன். போல்ட்டுகளை அலுமினியத்துக்கு மாற்றச் சொன்னபோது பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், அறுபது கிராம் மிச்சம். நேத்து சாயங்காலம் என் கடையில உக்காந்து நீங்க சாப்பிட்ட சமோசா அதைவிட ஜாஸ்தி."

கிளம்பும் நாள் காலையில் வசந்தா ஒரு பை கொடுத்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருபத்து நான்கு, ஒரு தூக்கு புளியோதரை, தட்டை, முறுக்கு, பிளாஸ்க். பாய் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "நாலு கிலோ இருக்கும்" என்றார். நான் அறுத்த பிரஷ்ஷை நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள், காவிரிக் கரையோடு மேற்கே. பாய் வந்த சைக்கிளைச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா காலத்து இரும்பு சைக்கிள், கேரியர், டைனமோ, சீட்டுக்கு அடியில் இரண்டு கனத்த ஸ்பிரிங். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு கிலோ. மலைக்காகப் பின்சக்கரத்துப் பல்லை மட்டும் பெரிதாக மாற்றியிருந்தார். நான் ஜப்பான்காரன் மாதிரி ஹெல்மெட், இறுக்கமான டிராயர், கறுப்புக் கண்ணாடி. பாய் வேட்டியை மடித்துக் கட்டி, தலைக்குத் துண்டு. டீக்கடைகளில் எல்லாரும் அவரிடம்தான் பேசினார்கள். என்னைப் பார்த்து அவரிடம் கேட்டார்கள்: "இவரு எங்கிருந்து வர்றாருங்க?"

"ஸ்ரீரங்கம்."

"தமிழ் பேசுவாருங்களா?"

முசிறி தாண்டி ஒரு சின்ன மேடு வந்தது. சின்னது என்றால் பஸ்ஸில் போனால் தெரியவே தெரியாது. "சார், மாத்தி ஓட்டிப் பாப்போமா?" என்றார் பாய். நான் இரும்பில் ஏறினேன். ஏறியதும் சீட்டு ஸ்பிரிங் பெரிதாக ஒரு சத்தம் போட்டது. பாய் திரும்பி என்னையும் சீட்டையும் பார்த்தார். மேட்டின் பாதியில் எனக்குக் கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது. அவர் என் சைக்கிளில் கைவிரல்களால் மட்டும் பிடித்துக்கொண்டு, வேட்டி பறக்க, மேலே போய் நின்றார்.

"எப்படி பாய் இருக்கு?"

"காத்தாடி மாதிரி இருக்கு சார். பயமா இருக்கு. ஆனா பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல."

எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை பணம் போட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு மரியாதைக்காவது வித்தியாசம் தெரிந்திருக்கக் கூடாதா?

"இல்ல சார்," பாய் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார், "நீங்க வெங்காய மூட்டை தூக்கியிருக்கீங்களா? மூட்டையில வெங்காயம் எவ்வளவு, சாக்கு எவ்வளவுன்னு முதுகு பாக்காது. மொத்தம் எவ்வளவுன்னுதான் பாக்கும். நீங்க சாக்கை மெலிசாக்கியிருக்கீங்க. நல்ல விஷயம்தான். ஆனா வெங்காயம் அப்படியே இருக்கு."

வெங்காயமான நான் மிதித்தேன்.

மாலையில் தொட்டியம். பாய்க்குத் தெரிந்த வாழைக்காய் மண்டியில் தங்க இடம் கிடைத்தது. எங்கு திரும்பினாலும் தார்கள். பூவன், ரஸ்தாளி, மொந்தன். மண்டிக்காரர் எங்களை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு சீப்புப் பூவனைக் கையில் திணித்தார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது. நான்கு கிலோ இட்லிப் பையோடு இப்போது வாழைப்பழமும் சேர்ந்தது. அடுத்து அவர் மண்டியின் பெரிய எடை மேடையைக் காட்டினார்.

"சும்மா ஏறி நில்லுங்க சார். வர்றவங்க எல்லாம் ஏறிப் பாப்பாங்க, ஒரு விளையாட்டுக்கு."

எனக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. முட்டி வலி என்றேன். செருப்பில் சேறு என்றேன். எடை பார்த்தால் எனக்கு ராசியில்லை என்றேன். பாய் அமைதியாக ஏறி நின்றார், ஐம்பத்தெட்டு. இறங்கி வந்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

அன்று ராத்திரி வசந்தா போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, கால் வலிக்குதா என்ற கேள்விகளுக்குப் பிறகு, "ஏங்க, உங்க எடை சரியா எவ்வளவு?"

"எண்பத்திரண்டு. எதுக்கு?"

"சும்மாதான். சரியா எண்பத்திரண்டா?"

"சரியா."

கணவன் மலை ஏறப் போயிருக்கும்போது மனைவி அவன் எடையை விசாரித்தால் என்ன அர்த்தம்? தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுகிறாளா? அப்படியானால் எண்பத்திரண்டு என்று சொன்னது தப்பல்லவா? ஒரு ஆள் குறைந்துவிடுவானே. இப்படியே யோசித்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாள் முழுக்க வெயில், லாரி, கோழித்தீவன வாசனை. நாமக்கல் பக்கத்தில் ஓர் ஓட்டலில் சாம்பார் இனித்தது. எங்கள் ஊர் ராஜகோபுரத்தடியில் கிடைக்கும் ரவா தோசையை நினைத்துக் கண்கலங்கினேன். பாய் அதே சாம்பாரை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "பசிச்சா எல்லாம் ஒண்ணுதான் சார்." எடை விஷயத்திலும் இதே தத்துவம், சாம்பார் விஷயத்திலும் இதே தத்துவம். இந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

மூன்றாம் நாள் காலை அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தேன். மலை என்று சொன்னார்கள். அது சுவராக நின்றது. முதல் வளைவில் ஒரு போர்டு: 1/70. அந்த எழுபதைப் பார்த்ததும் வயிற்றில் இருந்த பொங்கல் எல்லாம் கல்லாகிவிட்டது.

பயத்தில் மனிதன் என்னென்ன செய்வான் என்று கேட்டால் நான் செய்ததைச் சொல்வேன். ஐந்தாவது வளைவில், கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரைக் கீழே ஊற்றினேன். ஒரு கிலோ குறைந்தது! பன்னிரண்டாவது வளைவில் முறுக்குப் பொட்டலத்தை ஒரு ஆட்டுக்காரரிடம் கொடுத்தேன். பதினெட்டில் தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கீழே ஊற்றிய தண்ணீரை நினைத்து அழுகை வந்தது. பாய் தன் கேரியரில் கட்டியிருந்த ஐந்து லிட்டர் கேனிலிருந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"தண்ணி பாரம் இல்ல சார். தண்ணிதான் பெட்ரோல்."

பாய் எப்படி ஏறினார் என்று கேட்கிறீர்களா? அதுதான் பெரிய எரிச்சல். சமமான இடத்தில் மிதித்தார். செங்குத்தாக வந்தால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் சின்ன கியரில் நூறு தரம் காலைச் சுற்றி, நாக்கு வெளியே தொங்க, கார்பன் சைக்கிளில் எவ்வளவு வேகத்தில் போனேனோ, அதே வேகத்தில் அவர் இருபத்திரண்டு கிலோ இரும்பைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் நடந்துவந்தார். நடந்துகொண்டே தன் சின்ன மகள் கல்யாணத்துக்கு எத்தனை டேக்சா பிரியாணி என்று விவரித்தார்.

"நீங்க ஏன் பாய் இறங்கறீங்க?"

"எனக்கென்ன சார் பந்தயமா?"

முப்பதாவது வளைவில் மைல்கல்லைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, பெங்களூரிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் வழுக்கிக்கொண்டு மேலே போனார்கள். ஒவ்வொருவனும் மூங்கில் குச்சி. நான் ஒரு காலத்தில் மைசூரில் வேலை பார்த்தவன், கன்னடம் புரியும். ஒருவன் கேட்டான், "அந்த சைக்கிளைப் பாத்தியா? நம்ம சைக்கிளைவிட லேசு." இன்னொருவன் சொன்னான், "அதான் அவருக்கு அது அடியில இருக்கறதே தெரியல போல. கல்லைக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்காரு." புரியாத மாதிரி அவர்களுக்குக் கையசைத்தேன். மொழி தெரிவது எப்போதும் நன்மை இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது தாண்டியதும் ஏதோ ஒன்று பிடிபட்டது. வேகம் பார்ப்பதை விட்டேன். அடுத்த வளைவு எங்கே என்று தேடுவதை விட்டேன். மூச்சுக்கு ஏற்ற மாதிரி மிதித்தேன். கீழே நாமக்கல் பக்கத்து வயல்கள் கோரைப்பாய் விரித்த மாதிரி கிடந்தன. காற்றில் மிளகுக் கொடி வாசனை. ஏறிவிடுவேன் என்று முதல் முறையாகத் தோன்றியது. பொங்கல், வடை, நெய். ஐம்பத்தைந்தாவது வளைவில் பாய் வானத்தைப் பார்த்தார்.

"லுஹர் நேரம் வந்துடுச்சு சார். தொழுதுட்டு வந்துடறேன். நீங்க போயிட்டே இருங்க."

ஓரத்தில் துண்டை விரித்தார். நான் தனியாக மேலே போனேன். ஐம்பத்தெட்டாவது வளைவில் சுவர்மேல் ஒரு பெரிய குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் பார்வை என் மேல் இல்லை. ஹேண்டில்பாரில் பையில் தொங்கிய தொட்டியம் பூவன் சீப்பின் மேல் இருந்தது. நான் யோசிப்பதற்குள் பாய்ந்து வந்து பையைப் பிடித்து இழுத்தது. நான் இந்தப் பக்கம் இழுத்தேன். ஹேண்டில்பார் திரும்பியது, சைக்கிள் சாய்ந்தது, என் இடது கால், என்னைக் கேட்காமல், தரைக்குப் போய்விட்டது.

முழுப் பாதமும். செருப்பின் சத்தம்கூடக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து மலைக்குப் போகும் டவுன் பஸ் திரும்பியது. ஜன்னலோரத்தில் ஒரு அம்மா. குரங்கையும் என்னையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். வேறு யாரும் இல்லை. கீழே பார்த்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் பாய் இன்னும் துண்டின்மேல் குனிந்திருப்பார். நான் காலைத் தூக்கி பெடலில் வைத்தேன். குரங்கு பழப் பையோடு போய்விட்டது. எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. ஆனால் அதற்கப்புறம் வந்த பன்னிரண்டு வளைவும் அதுவரை வந்ததைவிடக் கனமாக இருந்தன.

மேலே சோளக்காடு என்ற ஊரில், எழுபதாவது போர்டின் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து நின்றோம். பாய் என் தோளைத் தட்டினார். அவரே வசந்தாவுக்குப் போன் செய்தார். "நான் பாத்த வரைக்கும் சார் கால் ஊனலைம்மா." ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தப் பக்கம் வசந்தா "பெருமாளே" என்றாள். போனை நான் வாங்கினேன்.

"நல்லா இருக்கீங்களா? நெஞ்சு வலி கிலி ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

"நாளன்னிக்கு உச்சிவேளைக்குள்ள முசிறி ரோட்டுல இருக்கற பெருமாள் கோயிலுக்கு வந்துடுங்க. நானும் வந்துடறேன். வேண்டுதல் இருக்கு."

என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. கேட்கிற நிலையில் என் மனசாட்சி இல்லை.

முடவாட்டுக்கால் சூப் குடிக்கப் போனோம். அது ஒரு கிழங்கு. ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்கும். முட்டி வலிக்கு அதைவிட மருந்து கிடையாது என்று கொல்லிமலையில் எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். மிளகு காரத்தில் மூக்கிலிருந்து காதுவரை எரிந்தது. சூப் ஊற்றிய அம்மா என்னை உற்றுப் பார்த்தார். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பஸ் ஜன்னலோரம்.

"ஐயா, குரங்கு பையைத் திருப்பிக் குடுத்துச்சுங்களா?"

நான் பதறிப்போய்த் திரும்பினேன். பாய் தள்ளிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாடா. நான் அவசரமாக வெளியே போய் மலையழகை ரசிக்க ஆரம்பித்தேன். சூப்புக்குக் காசு கொடுக்கும் வேலையை பாயிடம் விட்டுவிட்டுப் போனது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை.

நான்காம் நாள் இறக்கம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இறக்கத்தில் எடை கூடினால் வேகம் கூடும், அந்த ஒரு விஷயத்தில் பெங்களூர்ப் பையன்களை நான் தாண்டினேன். ஐந்தாம் நாள் காலை பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் போய் இறங்கினோம்.

கோபுரத்துக்கு வெளியே, முன்பந்தலில், உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பெரிய தராசு. இரும்புச் சங்கிலி, இரண்டு மரத் தட்டு. ஒரு தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூவன் தார்கள். பக்கத்தில் ஒரு குட்டியானை வண்டி. வண்டியிலிருந்து பட்டுப் புடவையில் இறங்கிய வசந்தா என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க உசிரோட திரும்பி வந்தா எடைக்கு எடை வாழைப்பழம்னு வேண்டிக்கிட்டேங்க. தொட்டியத்துக்கே போய் வாங்கிட்டு வந்தேன். சரியா எண்பத்திரண்டு கிலோ."

துலாபாரம்.

நான் தராசைப் பார்த்தேன். தார்களைப் பார்த்தேன். கொல்லிமலை அடிவாரத்தில் வந்த பயமெல்லாம் பயமே இல்லை.

"குளிச்சிட்டு வந்துடறேனே" என்றேன். "உச்சிகாலம் ஆகப்போவுதுங்க, நடை சாத்திருவாங்க" என்றார் தராசுக்காரர். முட்டியை மடக்க முடியாது என்றேன். "காலை நீட்டி உக்காரலாம், ஒண்ணும் தப்பில்ல." ஏறி உட்கார்ந்தேன். என் தட்டு பூமிக்குப் போயிற்று. அங்கேயே இருந்தது.

எதிர்த் தட்டில் எண்பத்திரண்டு கிலோ வாழைப்பழம் ஆகாயத்தில் தொங்கியது. தராசுக்காரர் சங்கிலியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். "என்னங்கம்மா, பழம் பத்தலையே?"

வசந்தாவின் முகத்தில் முதலில் மண்டிக்காரர் மேல் கோபம் வந்தது. "நான் முன்னால நின்னு எடை போட்டுத்தாங்க ஏத்தினேன்!" பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நான் இறங்கிக்கறேன், பழம் வாங்கிட்டு வந்து அப்புறமா..."

"ஐயோ, இறங்கிடாதீங்க," என்று பதறினார் தராசுக்காரர். "உக்காந்துட்டா தட்டு சமமாகற வரைக்கும் காலைத் தரையில ஊனக் கூடாது. அது இங்க முறை. ஊனினா வேண்டுதல் பலிக்காது."

பந்தல் தூணோரம் இரண்டு சைக்கிளோடும் நின்றிருந்த காதர் பாய் சொன்னார்: "சார் ஊன மாட்டாருங்க. மலையிலயே ஊனாதவரு."

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

வசந்தா தேங்காய் வைத்தாள். தட்டு அசையவில்லை. தன் கைப்பை, பூக்கூடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வைத்தாள். தட்டு ஒரு விரல் இறங்கியது, போதவில்லை. எல்லாவற்றையும் திரும்ப எடுத்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. "எவ்வளவு குறையுதுங்க?" என்று யாரோ கேட்டார்கள். உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது.

"ஒன்பது கிலோ குறையும்" என்றார் பாய். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு கையால் என் சைக்கிளைத் தூக்கினார். "இது ஒன்பது கிலோ. சாரே சொல்லியிருக்காரு."

"பாய், வேண்டாம்..."

"வைங்க பாய்" என்றாள் வசந்தா.

தராசுக்காரர் சைக்கிளை வாங்கித் தார்களின் மேல் படுக்கவைத்தார். என் தட்டு தரையை விட்டு எழும்பியது. மெதுவாக. ஆடியது. நானும் என் சைக்கிளும் எதிரும் புதிருமாக ஒரே உயரத்தில் நின்றோம். கூட்டம் "கோவிந்தா" என்றது. ஒன்பது கிலோ பொய், ஒன்பது கிலோ கார்பன். இத்தனை சரியாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

இறங்கியதும் நேராகப் போய் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். தராசுக்காரர் மரியாதையாக என் கையை எடுத்துவிட்டார்.

"தட்டு சமமானப்ப மேல இருந்தது பெருமாளுடையதுங்க. திருப்பி எடுக்கக் கூடாது. நந்தவனத்துல இருந்து பூ கொண்டு வர்ற ஆளுக்கு ரொம்ப நாளா சைக்கிள் இல்ல. ஆகும்." சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். "கேரியர் மட்டும் காணோமே?"

"நான் ஒண்ணு மாட்டிக் குடுத்துடறேன்" என்றார் பாய்.

நடை சாத்திவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். வசந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"டாக்டர் என்ன சொன்னாரு? பத்து கிலோ தானே?" என்றாள். "ஒன்பது இப்ப நிஜமாவே போயிடுச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி." சொல்லிவிட்டுப் போய்க் குட்டியானையில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

நான் பாயைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். "உங்களுக்கு எப்பத் தெரியும் பாய்?"

"எது சார்? எடையா, காலா?"

நான் குட்டியானைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"எடை முத நாளே தெரியும். என் சீட்டு ஸ்பிரிங் இத்தனை வருஷத்துல அப்படிக் கத்தினதில்ல. கால் விஷயம், அந்தம்மா சூப்புக்குச் சில்லறை குடுக்கும்போது சொன்னாங்க."

"அப்ப வீட்ல ஏன் சொல்லல?"

"நான் போன்ல பேசும்போது எனக்குத் தெரியாது. தெரிஞ்சதுக்கப்புறம் அவங்க கேக்கல. கேட்டா சொல்லித்தான் ஆவணும்."

எனக்கு உயிர் வந்தது. சைக்கிள் போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல் இருக்கிறது, நெய் இருக்கிறது. இன்னும் கஞ்சி வரவில்லை. பாயை அவசரமாக இரும்பு சைக்கிளில் ஏற்றி, "நீங்க முன்னால போங்க பாய், வெயில் ஏறுது, கிளம்புங்க" என்று கேரியரைப் பிடித்துத் தள்ளினேன். பாய் ஒரு காலைப் பெடலில் வைத்தார்.

வண்டியின் ஜன்னலிலிருந்து வசந்தாவின் தலை வெளியே வந்தது.

"பாய், ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

பாய் காலைத் தரையில் ஊன்றினார்.